பேய் வராத பேய்ப்படங்கள்

டிஸ்கி முதல்லயே போட்டுடறேன்: கீழே வரும் சில படங்களின் ரகசியம் பாதி வெளியே வந்துவிடும். 'யார் கொலையாளி' வகைப் படங்களில் அந்த ஒரு பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். மற்றபடி எல்லாமே ஐம்பது அறுபது வருஷப் பழைய சரக்கு, கோவிச்சுக்காதீங்க.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவனுக்குப் பேய்க்குப் பஞ்சமே கிடையாது. கொள்ளிடக் கரையில் ஒன்று, புளியமரத்தில் ஒன்று, பாழடைந்த கிணற்றில் ஒன்று என்று பாட்டிகள் கையில் ஏரியா வாரியாக லிஸ்ட் இருக்கும். ஆனால் ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? பாட்டி சொல்லும் எல்லாப் பேய்க்கும் வைத்தியம் உண்டு. திருமண் இட்டுக்கோ, நரசிம்மரை நினைச்சுக்கோ, உச்சிவேளையில் அந்தப் பக்கம் போகாதே. பேய்ப்படமும் அப்படித்தான். கடைசி ரீலில் சூலம் வரும், மந்திரவாதி வருவார், பேய் போய்விடும், நாமும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

வைத்தியம் இல்லாத படங்கள் வேறே. அதில் பேயே கிடையாது. இருப்பது மனுஷன். பெரும்பாலும் வீட்டுக்காரன். தமிழில் அந்த மாதிரிப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கட்டுரை. இந்தப் படங்களில் பேய் இருக்க வேண்டிய இடத்தில் திரும்பத் திரும்ப ஒரு கருவி உட்கார்ந்திருக்கிறது. ரேடியோ, டைம் பாம், காமிரா, ப்ரொஜக்டர். பொட்டி தட்டிப் பிழைக்கிற ஆளாச்சே, எனக்கு வேற எது கண்ணில் படும் :-)

கருவி என்றால் முதலில் நம்ம திருச்சியிலிருந்துதான் தொடங்கணும். 1905ல் திருச்சி ரயில்வே ஆபீஸில் வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு ப்ரொஜக்டரையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கினார். ஏசுவின் வாழ்க்கை பற்றிய படம் அதில் ஒன்று. வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார். பிறகு கோயம்புத்தூரில் 1914ல் வெரைட்டி ஹால் என்று நிரந்தரக் கொட்டகையே கட்டினார். அந்தக் காலத்து ஜனங்களை நினைச்சுப் பாருங்க. இருட்டுக்குள் உட்கார வைத்து, செத்துப்போன ஆட்கள் நடப்பதைத் துணியில் காட்டினால் எப்படி இருந்திருக்கும்? சினிமாவே முதலில் ஒரு பேய்க்காட்சிதான். ஆனால் அதைக் காட்டியவர் மந்திரவாதி இல்லை, டிராயிங் போடத் தெரிந்த ரயில்வே ஊழியர். இந்த முரணைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

அடுத்த ஐம்பது வருஷம் தமிழ் சினிமா பாட்டும் புராணமுமாகப் போனது. பயம் வேறு இடத்தில் இருந்தது. 1952 ஆகஸ்டில் மானாமதுரையில் போட் மெயில் ரயில் பெட்டியில் ஒரு டிரங்குப் பெட்டி நாற்றமடித்தது. திறந்தால் தலையில்லாத உடல். ஆளவந்தார் கொலை வழக்கு என்றால் உங்க தாத்தாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். சென்னையில் ஏற்றிய அந்தப் பெட்டி நம்ம திருச்சி ஜங்ஷனைத் தாண்டித்தான் மானாமதுரை போயிருக்கிறது. அதே பெட்டியில் யாரோ புளியோதரைப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டிருப்பார்கள்! பேய் பிசாசு எதுவும் இல்லாமல் ஒரு தலைமுறையே நடுங்கிய கதை அது. பேப்பரில் தினம் தினம் வந்த வழக்குச் செய்தியே தொடர்கதை மாதிரி ஆனது. பக்கத்து வீட்டுக்காரனே பயங்கரம் என்ற எண்ணத்துக்கு ஜனங்கள் அப்போதே தயாராகிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து, 1954 ஏப்ரல் 13ம் தேதி, ஏவிஎம்மின் 'அந்த நாள்' வந்தது. இயக்கம் எஸ். பாலசந்தர். ஆமா, அதே வீணை பாலசந்தர்தான், பின்னாளில் பத்மபூஷண் வாங்கியவர். இவ்வளவு பெரிய சங்கீதக்காரர் பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் எடுத்தார். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை. திரைக்கதை வசனம் ஜாவர் சீதாராமன், சி.ஐ.டி.யாக நடித்தவரும் அவரே. படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஹீரோ சிவாஜி குண்டடி பட்டுச் செத்துப்போகிறார். பிறகு ஒவ்வொருத்தராக வந்து, அவர் எப்படிச் செத்தார் என்று தனக்குத் தெரிந்த கதையைச் சொல்கிறார்கள். குரோசவாவின் 'ரஷோமான்' (1950) பார்த்த பாதிப்பில் பிறந்த உத்தி.

எல்லாரும் 'பாட்டு இல்லாத முதல் தமிழ்ப் படம்' என்ற ஒரு வரியோடு இதை முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சிவாஜி இதில் ரேடியோ என்ஜினீயர். இரண்டாம் உலகப்போர் நேரம், சென்னையில் ஜப்பான் குண்டு பயம். தனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே நாட்டு ரகசியத்தை ஜப்பான்காரனுக்கு அனுப்புகிறான் இந்த மனுஷன். பண்டரிபாய்க்குத் தெரிய வருவது பேய் இல்லை, பக்கத்தில் படுத்திருக்கும் புருஷன் யார் என்பது. படித்தவன், புத்திசாலி, பேசத் தெரிந்தவன். அதுதான் பயம். படத்துக்குத் தேசிய அளவில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, ஆனால் வந்த புதிதில் பெரிதாக ஓடவில்லை. பாட்டு எங்கே என்று கேட்டுப் பழகிய ஜனம், பாவம் என்ன செய்யும்?

பாலசந்தர் விடவில்லை. 1964ல் 'பொம்மை'. முதலாளியைத் தீர்த்துக்கட்ட ஒரு பொம்மைக்குள் டைம் பாம் வைக்கிறார்கள். பொம்மை கை மாறிக் கை மாறி ஊரெல்லாம் சுற்றுகிறது. அது எப்போது வெடிக்கும் என்று நமக்குத் தெரியும், கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது. ஹிட்ச்காக் ஒரு பேட்டியில் இதைத்தான் விளக்கியிருப்பார். மேசைக்கடியில் குண்டு இருப்பது யாருக்குமே தெரியாமல் வெடித்தால் ஒரு சில விநாடி அதிர்ச்சி. பார்க்கிறவனுக்கு மட்டும் முன்னாலேயே தெரிந்துவிட்டால் அத்தனை நேரமும் பதைப்பு. அவரே 1936ல் 'சபோடாஜ்' படத்தில் ஒரு சின்னப் பையன் கையில் குண்டைக் கொடுத்து பஸ்ஸில் ஏற்றினார். இங்கே பாலசந்தர் பொம்மையைக் கையில் எடுத்தார். இப்போது எடுத்திருந்தால் அந்தப் பொம்மைக்குள் ஆவி புகுந்து இரண்டு பாகம் வந்திருக்கும். பாலசந்தர் உள்ளே வைத்தது வெறும் கடிகாரமும் வெடிமருந்தும். படம் முடியும்போது வேலை செய்த கலைஞர்களையெல்லாம் திரையிலேயே அறிமுகம் செய்துவைப்பார். 'இது நாங்க செஞ்சது, மாயம் எதுவும் இல்லை' என்று சொல்வது போலவே எனக்குத் தோன்றும்.

1970ல் 'நடு இரவில்'. ஒரு தீவு, ஒரு பங்களா, சொந்தக்காரர்கள் எல்லாரும் சொத்துக்காகக் கூடுகிறார்கள், ஒவ்வொருத்தராகச் சாகிறார்கள். அகதா கிறிஸ்டி வாசனை பலமாகவே அடிக்கும். ஆனால் சாகிறவர்கள் எல்லாம் நம்ம வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்காரும் சித்தப்பா, அத்தை மாதிரியே இருப்பார்கள். நாங்களும் தீவுக்காரங்கதான், இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். என்ன, எங்களுக்கு ராத்திரியிலும் பஸ் உண்டு :-)

இடையில் இன்னொரு கிளை. பேய் மாதிரி காட்டிவிட்டு, கடைசியில் மனுஷ சதி என்று சொல்லும் படங்கள். பிரான்சில் க்ளூஸோ எடுத்த 'லே டியபோலிக்' (1955) இதற்குத் தாத்தா. முடிவை வெளியே சொல்லாதீங்க என்று படத்தின் கடைசியிலேயே எழுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்ட படம். இங்கே இந்தி 'வோ கோன் தி' (1964) வழியாக 'யார் நீ' (1966) வந்தது. ஜெய்சங்கர், ஜெயலலிதா. மழை ராத்திரி, வெள்ளைப் புடவை, பாட்டு, எல்லாம் உண்டு, பேய் மட்டும் கிடையாது. 1967ல் திருலோகசந்தரின் 'அதே கண்கள்', கலரில், முகமூடி போட்ட கொலைகாரனோடு. இரண்டுமே ஜாலியான படங்கள். ஆனால் விளக்கைப் போட்டதும் பயம் போய்விடும். அதனால் வேகமாகத் தாண்டிப் போகிறேன்.

சரி, மெயின் மேட்டருக்கு வருவோம். விளக்கைப் போட்டாலும் போகாத பயத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில் எங்க ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு.

எஸ். ரங்கராஜன் என்கிற சுஜாதா. பிறந்தது திருவல்லிக்கேணி, வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில். திருச்சி செயின்ட் ஜோசப்பில் இயற்பியல், அப்புறம் எம்.ஐ.டி., அப்புறம் பெங்களூர் பெல் கம்பெனியில் என்ஜினீயர். 'காயத்ரி' என்று ஒரு தொடர்கதை எழுதினார். அது 1977ல் பட்டாபிராமன் இயக்கத்தில் படமானது. காயத்ரியாக ஸ்ரீதேவி, கணேஷாக ஜெய்சங்கர், புருஷனாக ரஜினிகாந்த்.

கதை இதுதான். ஒரு சாதாரண வீட்டுப் பெண்ணுக்கு வசதியான இடத்தில் கல்யாணம் ஆகிறது. பெரிய வீடு. எதுவோ சரியில்லை. பூட்டிய அறை, அர்த்தமில்லாத பேச்சு, ராத்திரிச் சத்தம் என்று பேய்க்கதைக்கு உண்டான அத்தனை லட்சணமும் இருக்கிறது. கடைசியில் தெரிவது என்னவென்றால், அவளும் புருஷனும் இருக்கும் அந்தரங்க நேரத்தை அவளுக்குத் தெரியாமல் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். விற்பதற்கு. அவள் எழுதிவைத்த பக்கங்கள் வழியாகத்தான் விஷயம் வெளியே வருகிறது.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். அந்த வீட்டில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் திண்டாட்டம். ஆனால் பார்ப்பவர் யார் என்று பார்க்கப்படுபவருக்குத் தெரியும். பாட்டி பார்க்கிறாள், எதிர்வீட்டு மாமி பார்க்கிறாள். 'காயத்ரி'யில் இருப்பது நகரத்துப் பங்களா. சுவர் உண்டு, கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு. தனிமை கிடைத்துவிட்டது என்று நம்புகிற இடத்தில்தான் கண் ஒளிந்திருக்கிறது. அந்த வித்தியாசம் இரண்டு விதமான வீட்டையும் பார்த்த ஆளுக்குத்தான் இவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

உலகத்தில் இதற்கு முன்னோடி உண்டு. 1960ல் இங்கிலாந்தில் மைக்கேல் பவல் எடுத்த 'பீப்பிங் டாம்'. பெண்களைக் கொல்லும்போதே அதைப் படம் பிடிப்பவனின் கதை. பவலின் சினிமா வாழ்க்கையையே அந்தப் படம் கவிழ்த்துவிட்டது. அதே வருஷம் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' சக்கைப்போடு போட்டது. இரண்டிலுமே பேய் இல்லை. ஆனால் பவல், படம் பார்க்கிற நம்ம பக்கம் விரலை நீட்டினார். அதைத்தான் ஜனங்கள் மன்னிக்கவில்லை போல.

தமிழில் 'காயத்ரி' வந்த அடுத்த வருஷமே, 1978 தீபாவளிக்கு, பாரதிராஜாவின் 'சிவப்பு ரோஜாக்கள்'. '16 வயதினிலே' எடுத்த மனுஷன் வயக்காட்டை விட்டு பங்களாவுக்குள் நுழைந்தார். கமல் பெரிய தொழிலதிபர், அழகன், ஆங்கிலம் பேசுபவன். பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைப்பான், மேலே ரோஜாச் செடி. இதிலும் காமிரா வருகிறது பாருங்க! கொலைகள் படமாக்கப்பட்டு, வளர்ப்பு அப்பா உட்கார்ந்து பார்க்க ப்ரொஜக்டரில் ஓடுகின்றன. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வரும் பெண், மறுபடி ஸ்ரீதேவி. இளையராஜாவின் பின்னணி இசையை ஹெட்போனில் கேட்டுப் பாருங்க, ராத்திரி தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டீங்க.

1980 தீபாவளிக்கு பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. ராஜேந்திரகுமார் நாவலும் 'சைக்கோ'வும் கலந்த பாதிப்பு. இளையராஜாவுக்கு நூறாவது படம். பிரதாப் போத்தன் கொலைகாரன், ஆனால் கத்த மாட்டான், முறைக்க மாட்டான், குழந்தை மாதிரி இருப்பான். ஷோபா அந்த வருஷம் மே மாதமே இறந்துவிட்டார், படம் வந்தபோது அவர் இல்லை. திரையில் அவர் சிரிக்கும்போது எனக்கு வரும் நடுக்கத்துக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த இரண்டு படத்தையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் ஒரு கணக்கு உதைக்கிறது. இரண்டிலும் கொலைகாரனுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. 'சிவப்பு ரோஜாக்க'ளில் சின்ன வயசில் அவனைக் கெடுத்தது பெண்கள். 'மூடுபனி'யில் அப்பா அம்மாவை அடித்த வீடு, ஆனால் அவன் வெறுப்பு அப்பா மேல் போகாமல் விலைமாதர்கள் மேல் போகிறது. அவ்வளவு தைரியமாகப் பேயை வெளியே தள்ளிய படங்கள், கடைசியில் பழியைக் கொண்டுபோய் வைப்பது பெண் தலையில். பாட்டி கதையில் மோகினி இருந்தாளே, அவளை வாசல் வழியாக அனுப்பிவிட்டுக் கொல்லை வழியாகக் கூட்டி வந்த மாதிரிதான். 'காயத்ரி' புருஷனுக்கு அப்படி ஒரு சமாதானம் தேவைப்படவில்லை. அவனுக்குக் காரணம் பணம், வியாபாரம். அதனாலேயே மூன்றில் எனக்கு அதிகம் பயம் தருபவன் அவன்தான். மனநோய்க்காரன் அபூர்வம், வியாபாரி எல்லாத் தெருவிலும் உண்டு.

சுஜாதா அங்கேயும் நிற்கவில்லை. 1981ல் குமுதத்தில் 'கொலையுதிர் காலம்' எழுதினார். காற்றில் ஒரு பெண் உருவம் தோன்றி மறைகிறது. கணேஷ் அறிவியல் என்கிறான், வசந்த் ஆவி என்கிறான். லேசர், ஹாலோகிராம் என்று அந்தக் காலத்து வாசகர் பலர் முதல்முறை கேள்விப்பட்ட சமாசாரத்தை வைத்து விளக்கம் வருகிறது, முடிவில் ஒரு சின்னச் சந்தேகத்தையும் மிச்சம் வைக்கிறார். யோசிச்சுப் பாருங்க. 1905ல் ஒரு திருச்சி ரயில்வேக்காரர் ஒளியை வைத்து உருவங்களை உலவவிட்டார். எழுபத்தாறு வருஷம் கழித்து ஒரு ஸ்ரீரங்கத்து என்ஜினீயர் அதே ஒளியை வைத்துப் பேயையே தயாரித்துக் காட்டினார். கருவி தெரிந்தவன் நினைத்தால் உருவத்தை உண்டாக்கலாம், திருடலாம், விற்கலாம்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன், கொஞ்சம் அதிர்ச்சிதான். 'காயத்ரி' வந்த 1977ல், ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவளுக்குத் தெரியாமல் படம் பிடிப்பதைப் பெயர் சொல்லித் தண்டிக்கும் பிரிவே நம் குற்றச் சட்டத்தில் இல்லை. 2008ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் 66இ பிரிவு வந்தது. டெல்லி சம்பவத்துக்குப் பிறகு 2013ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 77வது பிரிவு. கதை வந்து முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் சட்டத்துக்கு அந்த வீடு கண்ணில் பட்டிருக்கிறது.

அதற்குள் பங்களாவும் தேவையில்லை என்று ஆகிவிட்டது. 2019ல் பொள்ளாச்சி வெளியே வந்தபோது தமிழ்நாடே உறைந்து போனது. பெண்களை நம்பவைத்துக் கூட்டிப்போய், வன்கொடுமை செய்து, படம் பிடித்து, அதை வைத்தே மிரட்டிய கும்பல். 2025 மே 13ம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியைப் படிக்கும்போது எனக்கு 'காயத்ரி'தான் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு வித்தியாசம். படத்தில் காமிராவை ஒளித்துவைக்க ஒரு மாளிகை வேண்டியிருந்தது, இங்கே சட்டைப்பையே போதும்.

என் தங்கை வேலை விஷயமாக வெளியூர் போனால், ஹோட்டல் ரூமில் நுழைந்ததும் முதல் வேலையாக லைட்டை அணைத்துவிட்டு போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடி, ஸ்மோக் டிடெக்டர், சார்ஜர் பாயிண்ட் எல்லாம் பார்ப்பாள். ஒளிந்திருக்கும் லென்ஸ் வெளிச்சத்தில் மின்னுமாம். எந்தப் படத்தையும் பார்த்து அவள் இதைக் கற்றுக்கொள்ளவில்லை, ஆபீஸில் கூட வேலை பார்க்கும் பெண்கள் சொல்லிக்கொடுத்தது. பாட்டி சொன்ன திருமண்ணுக்குப் பதில் இந்தத் தலைமுறையின் ரட்சை அது. நான் இத்தனை வருஷம் எத்தனையோ ஹோட்டலில் தங்கியிருக்கிறேன், ஒரு முறைகூட அப்படிப் பார்க்கத் தோன்றியதில்லை. பேய்ப்படம் என்றால் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி பயப்படலாம். இந்த வகைப் படத்தில் பயம் சரிபாதியாகப் பிரிவதில்லை.

இப்போது காமிராகூட வேண்டாம். ஒரு போட்டோ இருந்தால் போதும், மீதியைக் கணினியே வரைந்துவிடும். எங்க தொழிலில் இருக்கிறவர்கள் உண்டாக்கிய கருவிதான் அதுவும். 'அந்த நாள்' ரேடியோ என்ஜினீயரைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் நெளிய வேண்டியிருப்பது அதனால்தான்.

பார்க்காதவங்க 'அந்த நாள்' தொடங்கி 'மூடுபனி' வரைக்கும் வரிசையாக ஒரு முறை பாருங்க. முடிந்தால் இடையில் 'காயத்ரி' நாவலையும் படிச்சுடுங்க. வீட்டில் அக்காவோ மனைவியோ அம்மாவோ கூட உட்கார்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. அவங்க எந்த இடத்தில் பயப்படறாங்க, நீங்க எந்த இடத்தில் பயப்படறீங்க என்று கவனிச்சுப் பாருங்க. இரண்டும் ஒரே இடமாக இருந்தால் எனக்குச் சொல்லுங்க, சந்தோஷப்படுவேன்.